நான் யாருன்னு சொல்லுங்க, பார்ப்போம்

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். அல்சைமர் நோயாளிகள் 17 பேர், நினைவாற்றல் நன்றாக இருக்கும் முதியவர்கள் 17 பேர். எல்லோருக்கும் சுமார் 20 நிமிடம் சோகமான படத்துண்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். இன்னொரு அமர்வில் சிரிப்பு வரவழைக்கும் துண்டுகள். படம் முடிந்து ஐந்து நிமிடத்தில், என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். நோயாளிகளில் நான்கு பேருக்கு ஒரு விவரம்கூடச் சொல்ல வரவில்லை. ஒருவருக்குப் படம் பார்த்ததே நினைவில் இல்லை.

ஆனால் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டபோது நிலைமை வேறாக இருந்தது. அரை மணி நேரம் வரையிலும் சோகம் நீடித்தது. இன்னொரு விசித்திரம்: படத்தைப் பற்றி யாருக்குக் குறைவாக நினைவிருந்ததோ, அவர்களுக்கே சோகம் அதிக நேரம் நீடித்தது. நமக்கு அழுகை வந்தால், ‘சினிமாதானே’ என்று தேற்றிக்கொள்ள முடிகிறது. சினிமா பார்த்ததையே மறந்தவர் எதைச் சொல்லித் தேற்றிக்கொள்வார்? அதனால்தான் சோகம் நீண்டது என்பது என் ஊகம். மகிழ்ச்சியும் நினைவைத் தாண்டித் தங்கியது, ஆனால் சோகம் அளவுக்கு இல்லை.

மறதிநோய் வந்த பெரியவரைப் பார்க்கப் போகாமல் இருப்பதற்கு நம் வீடுகளில் ஒரு சமாதானம் உண்டு. “போனா மட்டும் என்ன? பத்து நிமிஷத்துல மறந்துடப் போறாங்க.” அந்தச் சமாதானம் நிற்காது என்பதைத்தான் அந்த 34 பேரும் காட்டினார்கள். போனது மறந்துபோகும். போனதால் வந்த நிம்மதியும், போகாததால் வந்த ஏக்கமும் அவ்வளவு சீக்கிரம் மறையாது.

இது முற்றிலும் புதிய கண்டுபிடிப்பும் அல்ல. ஜெனீவாவில் எடுவார் கிளாபரேட் என்ற மருத்துவர், புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாத ஒரு பெண்மணியைப் பார்த்துவந்தார். தினம் பார்க்கும் மருத்துவரையே அவருக்குத் தினமும் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டும். ஒருநாள் கிளாபரேட் விரல்களுக்கிடையில் ஒரு குண்டூசியை மறைத்துவைத்துக்கொண்டு அவரோடு கைகுலுக்கினார். அடுத்த தடவை கையை நீட்டியபோது அந்தப் பெண்மணி சட்டென்று தன் கையை இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியவில்லை. இதைக் கிளாபரேட் எழுதியது 1911இல். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இப்படிப்பட்ட சோதனைக்கு ஒப்புதல் தராது, தரவும் கூடாது. ஆனால் சின்னக் குழந்தைக்கும் புரியும்படி ஓர் உண்மையை அந்த ஊசி சொல்லிவிட்டது.

காரணம் மூளையின் வேலைப் பங்கீட்டில் இருக்கிறது. நேற்று யார் வந்தார், என்ன சாப்பிட்டோம் என்பதையெல்லாம் பதிவுசெய்ய ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி வேண்டும். அல்சைமர் நோய் முதலில் கைவைப்பது அங்கேயும் அதை ஒட்டிய புறணியிலும்தான். உணர்ச்சியோ ஒரே இடத்தை நம்பி இருப்பதில்லை. அமிக்டலா, இன்சுலா என்று பல இடங்கள் சேர்ந்து அதை நடத்துகின்றன. நோய் அமிக்டலாவையும் விட்டுவைப்பதில்லை என்றாலும் உணர்ச்சி முழுவதும் அணைந்துபோக வெகுகாலம் ஆகிறது. கைப்பழக்கம் வேறொரு பாதை. எச்.எம். என்று மருத்துவ நூல்கள் குறிப்பிட்ட ஹென்றி மொலைசனுக்கு அறுவைச் சிகிச்சையில் ஹிப்போகேம்பஸ் பெரும்பாலும் போய்விட்டது. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து நட்சத்திரம் வரையும் வித்தையை நாளுக்கு நாள் அவர் மேலும் நன்றாகச் செய்தார். முந்தைய நாள் வரைந்தது மட்டும் அவருக்கு நினைவே இல்லை. பிரெண்டா மில்னர் கண்ட இந்தச் சங்கதிக்கு நம் ஊர் சாட்சிகள் ஏராளம். மகள் பெயர் தட்டுப்படாத பாட்டியின் கையில் ஒரு முழம் நூலையும் கொஞ்சம் மல்லிகையையும் கொடுத்துப் பாருங்கள்.

யாரும் வந்து பார்க்காத முதியவரின் தனிமைக்கு இனி வருவோம். சிகாகோவில் ராபர்ட் வில்சன் குழுவினர் மறதிநோய் இல்லாத 823 முதியவர்களை நான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். மிகுந்த தனிமையை உணர்ந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு, அதிகம் தனிமை உணராதவர்களைப்போல இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம். இறந்துபோனவர்களின் மூளைகளையும் திறந்து பார்த்தார்கள். தனிமையில் வாடியவர்களின் மூளையில் அல்சைமரின் அடையாளங்களான படிவுகளும் முடிச்சுகளும் கூடுதலாக இருக்கவில்லை. அதே நகரத்தில் டேவிட் பென்னெட் குழுவின் ஆய்வு, ஒரே அளவு நோய்ச்சுவடு இருந்தாலும் உறவும் நட்பும் நிறைய உள்ளவர்கள் உயிரோடு இருந்த காலத்தில் நன்றாகச் சிந்தித்தார்கள் என்று காட்டியது. மனிதத் தொடர்பு நோயைத் தடுத்ததோ இல்லையோ, நோயைத் தாங்கும் திராணியைக் கொடுத்திருக்கிறது. விஞ்ஞானிகள் இதை அறிவாற்றல் சேமிப்பு என்கிறார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். தனிமை மறதிநோயைக் கொண்டுவருகிறதா, அல்லது வெளியே தெரியாமல் தொடங்கிவிட்ட மறதிநோய்தான் மனிதரை ஒதுங்கச் செய்கிறதா? கல்யாண வீட்டில் பெயர்கள் குழம்பி ஒருமுறை அவமானப்பட்டவர் அடுத்த கல்யாணத்துக்குப் போகமாட்டார். பிரிட்டனின் யூகே பயோபேங்க் திட்டத்தில் 4,62,619 பேரைச் சராசரியாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகத் தொடர்ந்து பார்த்த 2022ஆம் ஆண்டு ஆய்வு, சமூகத் தொடர்பு அறுந்தவர்களுக்கு ஆபத்து 26 விழுக்காடு அதிகம் என்றது. வெறும் தனிமை உணர்வுக்கோ, மனச்சோர்வைக் கணக்கில் எடுத்த பிறகு, தனித் தொடர்பு தெரியவில்லை. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல், மாற்றியமைக்கக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால் உலக மறதிநோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று மதிப்பிட்டது. அதில் சமூகத் தனிமையின் பங்கு 5, காது கேளாமையின் பங்கு 7. இவை இரண்டும் தனித்தனிக் கணக்கு என்றாலும் ஒரே வீட்டில் ஒரே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. காது கேட்காதவரிடம் யாரும் இரண்டாவது தடவை சொல்வதில்லை.

“எங்க வீட்டுல ஆறு பேர் இருக்கோம், எங்கம்மாவுக்கு என்ன தனிமை?” என்று கேட்பவர்களுக்காக ஒரு வேலூர்க் கதை. தொண்ணூறுகளின் கணக்குப்படி உலகின் மறதிநோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 66 விழுக்காட்டினர், வளரும் நாடுகளில் இருந்தார்கள். ஆய்வில் 10 விழுக்காடுகூட அங்கே நடக்கவில்லை. அந்த ஆதங்கத்தையே பெயராக வைத்துக்கொண்டு 1998இல் கொச்சியில் நடந்த மாநாட்டில் பிறந்தது 10/66 ஆய்வுக்குழு. இந்தியாவில் அது எடுத்துக்கொண்ட இடங்கள் சென்னை நகரமும் வேலூரைச் சுற்றிய கிராமங்களும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் அளவுகோலை வைத்து 65 வயதைத் தாண்டியவர்களைப் பார்த்தால், கியூபாவில் 6.3 விழுக்காட்டினருக்கு நோய். இந்தியக் கிராமத்தில் வெறும் 0.3. அப்படியானால் நம் கிராமங்கள் சொர்க்கமா? அந்தக் குழு தானே வகுத்த, பண்பாட்டுக்கும் படிப்புக்கும் இடம்கொடுத்த முறையில் மறுபடி பார்த்தபோது எந்த நாட்டிலும் 5 விழுக்காட்டுக்குக் குறையவில்லை.

எங்கே ஒளிந்திருந்தார்கள் அத்தனை பேரும்? அமெரிக்க அளவுகோலின்படி அன்றாட வேலையில் பாதிப்பு இருக்கிறதென்று வீட்டார் சொல்ல வேண்டும். நம் கிராமத்தில் எழுபத்தைந்து வயதுக்காரரிடம் யாரும் எந்த வேலையையும் எதிர்பார்ப்பதில்லை. தட்டில் சோறு வருகிறது, துணி துவைத்து வருகிறது, பணத்தை மகன் பார்த்துக்கொள்கிறான். எதையும் செய்ய வேண்டாத ஒருவரால் எதைச் செய்ய முடியவில்லை என்று எப்படித் தெரியும்? “வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான்” என்று சொல்லிவிடுகிறோம். சோற்றுக்குக் குறைவில்லாமல், பேச்சுக்கு மட்டும் ஆளில்லாமல் ஒருவர் பல ஆண்டுகள் கூட்டத்துக்கு நடுவே இருக்க முடியும்.

பேச்சு என்று லேசாகச் சொல்லிவிடுகிறோம். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வந்த ஓர் ஆய்வில், ஒருவர் பேசி முடித்து இன்னொருவர் தொடங்க ஆகும் இடைவெளி பொதுவாக 200 மில்லிநொடி அளவுதான் என்று தெரிந்தது. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரை வாயில் கொண்டுவரவே 600 மில்லிநொடி ஆகும். அப்படியென்றால் எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் அவர் எங்கே முடிப்பார் என்று ஊகித்து, பதிலைத் தயாரித்து, முகத்தைப் படித்து, சொல்லலாமா வேண்டாமா என்று முடிவும் எடுத்துவிடுகிறோம். கவனம், நினைவு, மொழி, தீர்மானம் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. திண்ணை வம்பை மூளைக்கான தேகப்பயிற்சி என்று நம் தாத்தாக்கள் விளம்பரம் செய்யவில்லை, அவ்வளவுதான்.

இதை மருந்து சோதிப்பதுபோலச் சோதித்துப் பார்த்தவர் ஆய்வாளர் ஹிரோகோ டாட்ஜ். ஐ-கனெக்ட் என்ற பெயரில், 75 வயதைக் கடந்த, சமூகத் தொடர்பு குறைந்த 186 பேரைச் சேர்த்தார். அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு லேசான அறிவாற்றல் குறைபாடு ஏற்கெனவே இருந்தது. ஒரு பிரிவினருக்கு வாரம் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம், பயிற்சிபெற்ற ஒருவரோடு வீடியோ உரையாடல். மற்றப் பிரிவினருக்கு வாரம் ஒரு முறை பத்து நிமிடத் தொலைபேசி விசாரிப்பு மட்டும். ஆறு மாதம் கழித்து, 30 மதிப்பெண் கொண்ட அறிவாற்றல் தேர்வில் உரையாடல் பிரிவினர் சற்று முன்னே இருந்தார்கள். பிரமாண்டமான வித்தியாசம் இல்லை. மறதிநோய் மருந்துகளின் பலன்களைப் பார்த்துப் பழகியவர்கள் இதைச் சின்னது என்றும் சொல்லமாட்டார்கள். கவனிக்க வேண்டியது இன்னொன்று: “சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா” என்ற பத்து நிமிட விசாரிப்பு வேறு, அரை மணி நேரப் பேச்சு வேறு. வெளிநாட்டிலிருந்து ஞாயிறுதோறும் போன் செய்யும் பிள்ளைகள் இந்த வரியை மட்டுமாவது இரண்டு தடவை படிக்கலாம்.

எல்லா ஆய்வும் இப்படி இனிப்பாக முடியவில்லை. இங்கிலாந்தில் மறதிநோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினர் 236 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. அவர்களில் ஒரு பிரிவினருக்குத் தன்னார்வ நண்பர் ஒருவரை ஏற்பாடுசெய்து தருவதாகச் சொன்னார்கள். அவர் வாராவாரம் வருவார், பேசுவார். 2008இல் முடிவு வந்தபோது இரு பிரிவினரின் மனச்சோர்விலும் வித்தியாசம் இல்லை. செலவுக்கும் பலன் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால், ஏற்பாடு செய்யப்பட்டவர்களில் பாதிப்பேர்கூட ஆறு மாதம் அந்த நட்பைத் தொடரவில்லை. நொந்துபோய்க் கிடக்கும் மருமகளிடம் முன்பின் தெரியாத ஒருவரை அனுப்பி, ‘இவர் இனி உங்கள் நண்பர்’ என்றால் அவருக்கு அது இன்னொரு விருந்தாளி, இன்னொரு காபி. இந்தத் தோல்வியை நான் பெரிதும் மதிக்கிறேன். நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதை எண்களோடு சொன்ன ஆய்வுகள் குறைவு.

கோவாவில் அமித் டயஸும் கூட்டாளிகளும் வேறு வழியில் போனார்கள். அங்கே 81 குடும்பங்கள். வீடு தேடி வந்தவர்கள் மருத்துவரும் அல்ல, செவிலியரும் அல்ல. அந்த ஊர் மொழி பேசும், சில நாள் பயிற்சிபெற்ற சாதாரண மக்கள். அவர்கள் வெறுமனே துணைக்கு உட்காரவில்லை. இது நோய், பிடிவாதம் அல்ல என்று வீட்டாருக்கு விளக்கினார்கள். ராத்திரி தூங்காவிட்டால் என்ன செய்வது, குளிக்க மறுத்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அரசு உதவித்தொகைக்கு வழிகாட்டினார்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் சேர்த்தார்கள். ஆறு மாதத்தில் பராமரிப்பவர்களின் மன உளைச்சல் குறைந்தது தெளிவாகத் தெரிந்தது. நோயாளியின் அன்றாடச் செயல்திறனில் உறுதியாகச் சொல்லும்படி மாற்றம் இல்லை. ஆனால் பார்த்துக்கொள்பவர் உடைந்துபோனால் நோயாளிக்கு வேறு கதி ஏது?

ஊரே சேர்ந்து இறங்கினால் எப்படியிருக்கும் என்பதற்கு ஜப்பானின் ஓமுத்தா நகரம். மீகே நிலக்கரிச் சுரங்கத்தால் வாழ்ந்த ஊர் அது. 1997இல் சுரங்கத்தை மூடினார்கள். இளையவர்கள் கிளம்பிப் போக, முதியவர்கள் தங்கினார்கள். 2004 முதல் அங்கே ஆண்டுதோறும் ஓர் ஒத்திகை நடக்கிறது. வழிதவறிய மறதிநோயாளியாக ஒருவர் நடித்துக்கொண்டு தெருவில் நடப்பார். கடைக்காரர், பள்ளிப் பிள்ளை, தபால்காரர் யாராக இருந்தாலும் அவரை அடையாளம் கண்டு பேச்சுக் கொடுக்க வேண்டும். முன்னால் போய், பதறவைக்காமல், மெதுவாக வணக்கம் சொல்லத் தெரிய வேண்டும். பாடம் இவ்வளவுதான். நாடு முழுக்கவும் 2005இல் ஒரு திட்டம் தொடங்கியது. சுமார் ஒன்றரை மணி நேர வகுப்பு, முடித்தால் கையில் ஆரஞ்சு நிற வளையம். ஒரு கோடிப் பேருக்கு மேல் அந்த வகுப்பில் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள். இங்கிலாந்து 2013இல் தொடங்கிய ‘டிமென்ஷியா ஃபிரெண்ட்ஸ்’ இதைப் பார்த்துச் செய்ததுதான். இவ்வளவுக்குப் பிறகும் ஜப்பானில் 2023இல் காணாமல்போனதாகக் காவல்துறைக்குச் சொல்லப்பட்ட மறதிநோயாளிகள் 19,000 பேருக்கு மேல் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, ஒரு வீட்டுக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் உறவினர் முதலில் செய்வது என்ன? வாசலிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வந்து, பாட்டியின் முகத்துக்கு நேரே குனிந்து, “நான் யாருன்னு சொல்லுங்க, பார்ப்போம்!” பாட்டி விழிப்பார். சுற்றி நிற்பவர்கள் எடுத்துக்கொடுப்பார்கள். “மதுரைல இருந்து வந்திருக்கான், உங்க தங்கச்சி பையன், தெரியலையா?” பாட்டி சிரித்து மழுப்புவார். அடுத்த உறவினர் வந்து அதே பரீட்சையை மறுபடி வைப்பார். அன்பினால் செய்வதுதான். அயோவா சோதனையை நினைவில் வைத்துப் பாருங்கள். கேட்ட ஆள் யாரென்பது போய்விடும், தோற்ற உணர்வு அதன்பிறகும் கூடவே இருக்கும்.

பழகிய தன்னார்வலர் வேறு மாதிரி நுழைவார். எதிரே, கண்ணுக்கு நேராக உட்காருவார். டிவியை அணைக்கச் சொல்வார். “அம்மா, நான் செல்வி. போன வாரம் வந்தேனே, பக்கத்துத் தெரு.” பெயரைத் தானே சொல்லிவிடுவதில் பாதி வேலை முடிந்தது. ஒரு தடவைக்கு ஒரே கேள்வி. பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் நமக்கு யுகமாகத் தெரியும். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்கமாட்டார், அது நோய் அழித்த பக்கம். டூரிங் டாக்கீஸில் பார்த்த முதல் படம், கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் எப்படி, இப்படிக் கேட்பார். பத்திலிருந்து முப்பது வயது வரையிலான நினைவுகள் எல்லோருக்குமே ஆழமாகப் பதிந்தவை, கடைசியில்தான் கரையும். பேச்சு ஓடாத நாளில் கீரை ஆயலாம், பல்லாங்குழி ஆடலாம், பூ கட்டலாம்.

பொழுது சாயும்போது, தன் சொந்த வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, “எனக்கு வீட்டுக்குப் போகணும்” என்று பாட்டி எழுந்துவிடுவார். “இதுதானேம்மா உங்க வீடு” என்று மகன் ஆயிரம் தடவை சொல்லியிருப்பான். சொல்லச் சொல்லப் பதற்றம்தான் கூடும். “உங்க வீட்டுல கிணறு இருந்துச்சா?” என்று செல்வி கேட்பார். கிணறு, துவைக்கிற கல், கொல்லைப்புற முருங்கை என்று பேச்சு நகரும். வீட்டுக்குப் போக வேண்டுமென்ற தவிப்பு மெல்ல அடங்கும். சில நாள் அடங்காது.

அதே கதையை நாற்பதாவது தடவை கேட்க மகளால் முடியாது. குற்றம் சொல்ல எதுவுமில்லை. அவளுக்கு எதிரில் இருப்பது, முன்பு கணக்கு வழக்கில் புலியாக இருந்த அம்மாவின் மிச்சம். ஒவ்வொரு தடுமாற்றமும் அந்தப் பழைய அம்மாவை நினைவுபடுத்துகிறது. வெளியாளுக்கு அந்த ஒப்பீடு இல்லை. இன்று இப்படி இருக்கும் இந்த அம்மாதான் அவருக்குத் தெரிந்த அம்மா. உறவு அல்லாத ஒருவர் வாரம் இருமுறை வருவதன் அருமை இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் மகள் கடைக்குப் போய்வரலாம், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம்.

சில கறாரான விதிகளும் வேண்டும். வருபவர் பணத்தைத் தொடக்கூடாது, ஏடிஎம் அட்டையை வாங்கிக்கொண்டு போகக்கூடாது, எந்தத் தாளிலும் சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது, மாத்திரை கொடுக்கக்கூடாது. பென்ஷனும் வீட்டுப் பத்திரமும் உள்ள இடத்தில் வெளியாள் நுழைவதை வீட்டார் சந்தேகத்தோடு பார்ப்பது இயல்பு. அந்தச் சந்தேகம் நல்லதும்கூட. ஓர் அமைப்பின் வழியாக, அடையாள அட்டையோடு, குறித்த நாளில் வருவதே எல்லோருக்கும் பாதுகாப்பு. நின்றுபோவதாக இருந்தால் சொல்லிக்கொண்டு, மாற்று ஆளை அழைத்துவந்து அறிமுகப்படுத்திவிட்டு நிற்க வேண்டும். பாட்டிக்கு உங்கள் பெயர் தெரியாமலிருக்கலாம். நீங்கள் வராத செவ்வாய்க்கிழமை தெரியும்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான நாடு தழுவிய மதிப்பீடு சொல்கிறது. தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள் என்பது 2021ஆம் ஆண்டுக்கான அரசின் கணிப்பு. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். 1992இல் கேரளத்தில் தொடங்கிய அல்சைமர் சங்கம் இன்று பல நகரங்களில் கிளை வைத்திருக்கிறது. சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனம் மறதிநோய்க்கெனத் தனிப் பிரிவே நடத்துகிறது. இவர்கள் எல்லோரும் சேர்ந்தாலும் 88 லட்சம் வீடுகளின் கதவைத் தட்ட முடியாது. உங்கள் தெருவில் ஒரு வீட்டின் கதவை நீங்கள் தட்டலாம். முதலில் வீட்டாரிடம் பேசுங்கள், எந்த நாள், எத்தனை மணி என்று முடிவுசெய்யுங்கள், அந்த நாளில் தவறாமல் போங்கள். எங்கே தொடங்குவது, யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் மூத்த குடிமக்களுக்கான கட்டணமில்லா உதவி எண் 14567. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை எடுப்பார்கள்.